மலைவீட்டு மாலைக்கு ஏற்ற விளையாட்டுத் திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். என் மனைவி சிறு விவசாயிகளின் தோட்டங்களில் தேயிலை பறிக்கப் போகிறார். மகள் மூன்றாம் வகுப்பு. மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். பிள்ளைகள் செல்போனும் கையுமாகவே கிடக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரை வருகிறது. எல்லாக் கட்டுரைகளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: மாலையில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள், பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், அவர்களோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஊருக்கு ஊர் மாலை வேறு. நீலகிரியில் கூலி வேலைக்கும் ஷிப்ட் வேலைக்கும் போகிற வீடுகளுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் நாலரை, ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். பத்தடி கிட்டே போனால்தான் தெரியும். எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயிலுக்குள்ளும் வருகிறது, சத்துணவுக் கூடத்துக்கும் வருகிறது. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. அந்தச் செய்திக்கு அப்புறம் இருட்டின பிறகு பிள்ளையை வாசலில் விடு என்று மலையில் யாரிடமும் சொல்ல முடியாது. பூங்கா என்றால் குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா. இரண்டுக்கும் பஸ் ஏற வேண்டும், நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், கோடையில் சுற்றுலாக் கூட்டத்தில் முட்டி மோத வேண்டும். வேலை முடிந்து ஐந்தரைக்கு நனைந்த துணியோடு வரும் ஒரு தாய்க்கு இதில் எது முடியும்?

ஆக, மலைப்பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். வீடு சின்னது, அம்மா சமைக்க வேண்டும், அப்பா ஷிப்டில் இருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் செல்போன் கைக்குப் போகிறது. அதைக் கொடுக்கிற பெற்றோரை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு வழி காட்டுவதுதான் உதவி.

டாக்டர்கள் சொல்லும் அளவு தெரிந்ததுதான். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த அறிக்கையின் மறுபாதியை யாரும் பேசுவதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்றும் அது சொல்கிறது. செல்போனைப் பிடுங்கிவிட்டால் மட்டும் இந்த மூன்று மணி நேரம் தானாக வந்துவிடாது. அதை நாம்தான் போட்டு வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது சுவரில் தொங்குகிறது. என் ஷிப்ட் பட்டியலை ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழேயே, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வாரத்து விளையாட்டுகளை மகள் எழுதி வைக்கிறாள். ஞாயிறு இரவு சாப்பிட்ட பிறகு எழுதுகிறோம். எனக்கு எந்த நாள் இரவு ஷிப்ட், அம்மா எந்த நாள் தூரத்துத் தோட்டத்துக்குப் போகிறாள் என்று பார்த்து, அதற்கு ஏற்றாற்போல் போடுகிறோம். அம்மாவுக்கு ரொம்பக் களைப்பாகும் நாளில் யாரும் கூட இருந்து ஆட வேண்டியிராத விளையாட்டு. நான் வீட்டில் இருக்கும் மாலையில் முதுகில் ஏறுவது, கட்டிப் புரள்வது, போர்வைக் கூடாரம். தம்பிக்கு எழுதத் தெரியாது என்பதால் அவனுடைய விளையாட்டுக்குப் படம் போடுகிறாள். ‘இன்றைக்கு என்ன செய்ய?’ என்று சாயங்காலம் களைத்துப் போன நேரத்தில் யோசித்தால் எதுவும் தோன்றாது. கை தானாகச் செல்போனைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை யோசித்து வைத்திருந்தால் சாயங்காலம் சுவரைப் பார்த்தால் போதும்.

இரவு ஷிப்ட் நாட்கள்தான் சிரமம். இலை அதிகம் வரும் மாதங்களில் தொழிற்சாலை ராத்திரி முழுக்க ஓடும். காலையில் வந்து படுத்தால் மகன் அங்கன்வாடியிலிருந்து வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அந்த நேரத்துக்குச் சத்தமில்லாத விளையாட்டு வேண்டும். எங்கள் அக்கம்பக்கத்தில் இதே நிலையில் நிறைய அப்பாக்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சிமெண்ட் தரையில் ஐந்தாங்கல் ஆடினால் எழுந்துவிடுவேன். மடித்த கம்பளியின் மேல் ஆடினால் சத்தமே வராது. பல்லாங்குழிப் பலகை எங்களிடம் இல்லை, முட்டை அட்டையில் செய்தோம். முப்பது முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் வரும், ஆட்டத்துக்கோ பக்கத்துக்கு ஏழு வேண்டும். மிச்ச அட்டையிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி, இரண்டு வரிசைக்கும் ஓரத்தில் மைதா பசையால் ஒட்டிவிட்டாள் மகள். புளியங்கொட்டை அட்டையில் விழும்போது ‘டொக்’ என்ற சத்தம் கூட இல்லை. ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தம்பி முதலில் பிடித்துக்கொண்டான். இப்போது நாலு வரை எண்ணுவது அவனுக்கு விரல் வைக்காமலே வருகிறது. மூன்று சேர்ந்த குழியைக் கண்ணால் பார்த்தே ‘அடுத்தது பசு’ என்கிறான். ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்: மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டையும் சின்னக் கல்லும் வேண்டாம். வாயில் போட்டால் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். அந்த வீட்டில் பெரிய பாட்டில் மூடிகள், கரண்டி, கிண்ணம் போதும்.

அப்புறம் சமையல் நேரம். பச்சைப் பட்டாணி வரும் காலத்தில் எங்கள் வீட்டில் செல்போனை யாரும் தேடுவதே இல்லை. முறத்தில் காயைக் கொட்டி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால், எந்தக் காயில் அதிகப் பட்டாணி என்று பந்தயம். உரிப்பதற்கு முன்னால் காயை விரலால் தடவி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், பிறகு உரித்துப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னவர் ஒரு பட்டாணியைத் தின்னலாம். அம்மாவுக்கு வேலையும் முடிகிறது. பட்டாணி இல்லாத நாளில் வேகவைத்த உருளைக்கிழங்கை உரிக்கலாம், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுக்கலாம். விளையாட்டுக்கென்று தனி நேரம் ஒதுக்க முடியாத வீட்டில் இருக்கிற வேலைக்குள்ளேயே விளையாட்டை நுழைத்துவிடுவது எளிது. பிள்ளை செய்வதால் வேலை கொஞ்சம் மெதுவாகும், மாவு சிந்தும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பிள்ளைகளோடு பெற்றோர் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. பத்து நிமிடம் முழுசாகக் கொடுத்தால் போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் அல்ல. என் மனைவி வந்தவுடன் ஈரத்துணி மாற்ற வேண்டும், காலில் அட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும், வெந்நீரில் கை கால் கழுவ வேண்டும். அதெல்லாம் முடிந்து டீயை எடுத்துக்கொண்டு தரையில் உட்காரும்போது பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் சொல்கிற விளையாட்டு, அவர்கள் சொல்கிற விதி. அதற்கு மேல் பிள்ளைகள் தாங்களே ஆடிக்கொள்கிறார்கள். முதலில் பத்து நிமிடம் கிடைக்காத நாளில்தான் அடுப்படிக்கு நூறு தடவை வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள். இதை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

பொருளுக்கும் காசு செலவில்லை. கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸின் காய், அடியில் கூம்பாகவும் மேலே தட்டையாகவும் இருக்கும். இரண்டு விரலால் சுண்டிவிட்டால் குட்டிப் பம்பரம் மாதிரி சுழலும். எது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் உலைக்கு வெட்டும் விறகில் சில துண்டுகள் கைக்கு அடக்கமாக விழும். கேட்டு வாங்கி வந்து, சிராய் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அதில்தான் பஸ் ஸ்டாண்ட், அங்கன்வாடி, யானை வராத வீடு எல்லாம் கட்டப்படுகின்றன. பைன் காய், சில்வர் ஓக் இலை, பழைய தேயிலைச் சாக்கு இவையும் அந்த மூலையில் உண்டு. வாரம் ஒரு முறை பாதியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, அங்கே இருந்ததைக் கீழே இறக்கினால் போதும், புதிதாக வாங்கியது போல் விளையாடுகிறார்கள். பொறுக்கும்போது ஒரு கண் வேண்டும். வேலியோரம் மணி மணியாகத் தொங்கும் ஊமத்தை இனப் பூ மலை முழுக்க இருக்கிறது. பார்க்க அழகு, செடி முழுக்க விஷம். அதைத் தொடக்கூடாது என்று பேர் சொல்லிக் காட்டி வைக்க வேண்டும்.

ஓடியாடும் விளையாட்டைக் காலையில்தான் வைக்கிறோம். ஞாயிறு வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, ஒரு பெரியவர் கூட நின்று, நொண்டி, கண்ணாமூச்சி, பூப்பறிக்க வருகிறோம். பெரியவர் முறை வீட்டுக்கு வீடு மாறும். ஒரு ஞாயிறு நான் நின்றால் மற்ற வாரங்களில் எனக்குத் துணி துவைக்க நேரம் கிடைக்கிறது. வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். தைவானில் பிள்ளைகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வெளியே விடுவதைப் பள்ளிகளே 2010 முதல் ஒரு திட்டமாகச் செய்து வருகின்றன. நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

மழை மாதங்களுக்கு வேறு கணக்கு. தகரக் கூரையிலிருந்து ஒழுகும் இடங்களில் குண்டான், டம்ளர், தகர டப்பா என்று வெவ்வேறு பாத்திரம் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு சத்தம். எது எந்தச் சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். கரண்ட் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் நிழல் காட்டலாம். மான், முயல் எல்லாம் சீக்கிரம் அலுத்துவிட்டது, இப்போது காட்டெருமைக் கொம்பு வரைக்கும் வந்திருக்கிறார்கள். மூக்கு விளையாட்டு என்று ஒன்றும் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு ஏலக்காய், கொத்துமல்லி, கற்பூர இலை, டீத்தூள், ஈர மண் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே காட்ட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து நான் வந்தால் என் சட்டையை மோந்து ‘இன்றைக்கு அப்பா உலைப் பக்கம்’, ‘இன்றைக்கு வாடல் கூடம்’ (பச்சை இலையை வாட வைக்கும் இடம்) என்று மகள் சரியாகச் சொல்லிவிடுகிறாள். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் என் மைத்துனர் வீட்டுக்குப் போனால், இரவில் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு பூவைப் போட்டு வெளியே வைப்பார்கள். உறைபனி விழுந்த காலையில் பூவோடு ஐஸ் தட்டு கிடைக்கும். அதைக் கையில் பிடித்துச் சூரியனுக்கு நேரே பார்க்க யார் முதலில் எழுவது என்று போட்டி.

செல்போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு செல்போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். ‘பாடம் பார்க்கிறேன்’ என்று தொடங்கி வீடியோவில் முடிவது அதோடு நின்றது. சோறு ஊட்டும்போது வீடியோ காட்டுவதுதான் பல வீடுகளில் நிறுத்த முடியாத பழக்கம். பிள்ளைக்குத் தனியாக முன்னாலேயே ஊட்டாமல், எல்லோரோடும் சேர்த்து உட்கார வைத்து, தானே கையால் அள்ளித் தின்ன விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். சிந்தும். முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். அழுகையும் இருக்கும். பசித்த பிள்ளை சாப்பிட்டுவிடும், பயப்பட வேண்டாம். என் அம்மாவுக்கு மாலை சீரியல் உண்டு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை மட்டும் பிள்ளைகள் படுத்த பிறகு வரும் மறுஒளிபரப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் ஆடுபுலி ஆட்டம் அவர்கள்தான் சொல்லித் தருகிறார்கள். சாக்பீஸால் தரையில் கட்டம், மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி எப்போதும் அம்மாவுடையது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இப்போது ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் தேயிலை வேலைக்கு வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு நம் பாஷை தெரியாது, நம் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஆனால் ஐந்தாங்கல் அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது! விதியில் சின்னச் சின்ன வித்தியாசம். யார் விதிப்படி ஆடுவது என்று சண்டை போட்டே தமிழ் கற்றுக்கொண்ட ஒரு சிறுமி எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறாள். செல்போனை ஆளுக்கு ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியது. வீட்டால் முடியாத சில விஷயங்களும் இருக்கின்றன. அவற்றைப் பத்திரிகை வழியாகத்தான் கேட்க முடியும்.

முதலாவது, ஷிப்ட் பட்டியல். நாளைக்கு எந்த ஷிப்ட் என்று இன்று மாலைதான் தெரிகிறது என்றால் எந்தப் பெற்றோரும் எதையும் திட்டமிட முடியாது. பக்கத்து வீட்டில் பிள்ளையை விடுவதா, பாட்டியை வரவழைப்பதா என்று யோசிக்கக் கூட நேரம் இருக்காது. இலை வரத்து கூடும் குறையும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு வாரத்துப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒட்டிவிடுவது எந்தத் தொழிற்சாலைக்கும் முடியாத காரியம் இல்லை. அவசரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காய்கறித் தோட்டம், ஓட்டல், தங்கும் விடுதி என்று மலையில் வேலை கொடுக்கும் எல்லோருக்குமே இந்த வேண்டுகோள்.

இரண்டாவது, இடம். ஐம்பது அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. பெரிய எஸ்டேட்டுகளுக்கு அது சரி. என் மனைவி மாதிரி இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று சிறு விவசாயிகளிடம் நாள்கூலிக்குப் பறிப்பவர்களின் பிள்ளைகளுக்கு எங்கே இடம்? ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம் கட்டியிருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து இல்லாத நாளெல்லாம் பூட்டுதான் தொங்குகிறது. பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணி வரை அதைத் திறந்து வைத்து, ஒரு பெரியவருக்குச் சின்னச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் பிள்ளைகள் சுவருக்குள் பத்திரமாக ஓடியாடுவார்கள். காட்டெருமை பயமும் இல்லை, மழை பயமும் இல்லை. கூட்டிப் போக வரும் வழியில் தெருவிளக்கு எரிந்தால் போதும்.

மூன்றாவது, உங்களிடம். ஜூன் 11-ஐ உலக விளையாட்டு நாளாக ஐ.நா. சபை அறிவித்து, 2024 முதல் கொண்டாடுகிறார்கள். நம் பள்ளிகள் திறக்கும் நேரமும் அதுதான், எங்கள் மலையில் மழை தொடங்கும் நேரமும் அதுதான். அந்த வாரத்திலிருந்து உங்கள் நீலகிரிப் பதிப்பில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விளையாட்டு, என்ன பொருள் வேண்டும், எந்த வயதுக்கு ஆகும், பெரியவர் கூட இருக்க வேண்டுமா, சத்தம் வருமா வராதா. சத்தம் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், இரவு வேலை பார்க்கும் வீடுகளுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். படுகர் ஊர்களான ஹட்டிகளில் இருக்கும் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது வேறு, இருளர், கோத்தர் ஊர்களில் ஆடுவது வேறு, இலங்கையிலிருந்து வந்து குடியேறிய எங்கள் பெரியவர்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் ஆடியது வேறு. கேட்டு வாங்கினால் பல வருஷத்துக்கு வரும். வெட்டி எடுத்து எல்லோரும் அவரவர் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவில் அச்சிட்டால் நல்லது.

எங்கள் வரிசையில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, மழைக்கால விளையாட்டுகளை எழுதி அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். படம் என் மகள் போட்டுத் தருவாள்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.